தோட்டத்துப் பாட்டியின் பிறந்த வீடு

பாயா ரும்புட், செங், குருபோங், புக்கிட் ரம்பாய், சுங்கை ஊடாங் என்று மலாக்கா நகரத்துக்கு வெளியே அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் இன்று தாமான் வீடுகளும் தொழிற்பேட்டைகளும்தான் கண்ணில் படுகின்றன. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்ட மாநிலம் இது. பால்மரக் காட்டுக்கு ஆள் தேவைப்பட்டது, தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். அந்தக் குடும்பங்களில் வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: கொள்ளுத்தாத்தா இன்ன ஊரிலிருந்து கப்பலேறி வந்தார், அவருக்கு இத்தனை பிள்ளைகள். கொள்ளுப்பாட்டி அந்த வாக்கியத்தில் ‘அவருடைய மனைவி’யாக மட்டும் வருகிறாள். அவள் யார் வீட்டுப் பெண், எந்த ஊர் என்று கேட்டால், ‘அதெல்லாம் யார் எழுதி வைத்தார்கள், தோட்டத்துப் பெண்ணுக்கு ஏது பத்திரம்?’ என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் பெயரும் அவளைப் பெற்றவன் பெயரும் நாம் நினைப்பதைவிட நன்றாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. தொலைந்து கொண்டிருப்பது அவளுடைய ஊர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் தேடல் தொடங்கும் முன்பே கைவிடப்படுகிறது.

கடல் கடந்த பெண்ணின் முன்னோரைத் தேடுவதில் நீண்ட பழக்கம் உள்ளவர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்காரர்கள். 1620க்கும் 1640க்கும் இடையே சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து அங்கே போய்க் குடியேறினார்கள். பெரும்பாலானவர்கள் பியூரிட்டன்கள், இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதாடிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள். அவர்களில் பெயர் பெற்ற பெண் ஆன் ஹட்சின்சன். லிங்கன்ஷயரின் ஆல்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1591 ஜூலை 20 அன்று அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. தந்தை பிரான்சிஸ் மார்பரி, தாய் பிரிட்ஜெட் டிரைடன். 1612இல் லண்டனில் வில்லியம் ஹட்சின்சனோடு திருமணம், 1634இல் ‘கிரிஃபின்’ கப்பலில் பயணம், 1637இல் விசாரணை, அடுத்த ஆண்டு குடியேற்றத்தைவிட்டே வெளியேற்றம். நானூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிவதற்கு முதல் காரணம் அவருடைய புகழ் அன்று. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஒரு கட்டளை. ஒவ்வொரு தேவாலயப் பங்கும் தன் எல்லைக்குள் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்றது அது. பணக்காரன், ஏழை, ஆண், பெண் என்று பார்க்காமல் எழுத வைத்ததுதான் அதன் பலம்.

ஆனால் அதே பதிவேட்டு முறை பெண்ணிடம் வரும்போது இடறுகிறது. ஆங்கிலப் பெண் மணமான அன்றே பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை இழந்து கணவனுடைய பெயருக்குள் போய்விடுகிறாள். திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கும் வீடு முழுவதும் இருண்டுவிடும். 1620இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் போன திருச்சபை மூப்பர் வில்லியம் புரூஸ்டரின் மனைவி பெயர் மேரி என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் எந்தக் குடும்பத்துப் பெண் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 1845இல் பாஸ்டனில் வம்சாவளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் உழைத்தும் அந்தத் தலைமுறை மனைவிமார் பலர் வெறும் முதற்பெயரோடுதான் நிற்கிறார்கள். நம்முடைய தோட்டத்துப் பெண்ணின் தாள்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழ்ப் பெண்ணின் அடையாள அட்டையில், சூராட் பெரானாக் என்று நாம் சொல்லும் பிறப்புப் பத்திரத்தில், அவள் இன்னாருடைய மகள் என்ற குறியோடு தந்தையின் பெயர் வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்கள், இன்று மலாயில் ‘ஏ/பி’ என்று எழுதுகிறார்கள், பொருள் ஒன்றுதான். கல்யாணம் ஆனாலும் அது மாறுவதில்லை. ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் தன் தகப்பன் பெயரோடும், தாய் தன் தகப்பன் பெயரோடும் இருந்தால், அந்த ஒரே தாளில் இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் வந்துவிடுகிறார்கள். மேரி புரூஸ்டருக்காகத் தேடிக் கிடைக்காத செய்தி, பாயா ரும்புட்டில் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் நெகிழிப் பைக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கக்கூடும்.

இரண்டாவது சான்று செக்ரோல். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்க, கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்த அந்த வருகை ஏட்டில் பெண் தன் பெயராலேயே எழுதப்பட்டாள். அவளுக்கு மரியாதை செய்வதற்காக அப்படி எழுதவில்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று இருந்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டது. வேறு கூலி கொடுக்க வேண்டுமென்றால் வேறு வரியில் எழுதித்தான் ஆக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நிரையில் மரம் வெட்டினாலும் ஏட்டில் அவர்கள் இரண்டு ஆள்கள். அவளைக் குறைத்து மதிப்பிட்ட அந்த அநியாயமே அவளைத் தனியாளாகப் பதிவு செய்தும் வைத்தது. 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் பிரசவ உதவித்தொகை, பிள்ளைக் காப்பகம், பிள்ளைகள் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் பள்ளி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியபோது, பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்து எழுத வேண்டிய இடங்கள் இன்னும் கூடின. ஆயாக் கொட்டகையும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் வந்ததற்குப் பின்னால் இந்தச் சட்டமும் உண்டு. பியூரிட்டன் பெண்ணுக்குத் தேவாலய ஏடு எப்படியோ, தோட்டத்துப் பெண்ணுக்குச் செக்ரோலும் பிரசவக் கணக்கும் பள்ளிச் சேர்க்கை ஏடும் அப்படி. முன்னதை எழுதியது சமயம், பின்னதை எழுதியது கூலிக் கணக்கு. தேடுகிறவர்களுக்கு இரண்டும் பயன்படும்.

இனி ஊர். 1635இல் லண்டன் துறைமுகத்தில் நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் தங்கள் பங்குக் குருவிடமிருந்தும் நீதியதிகாரியிடமிருந்தும் சான்று கொண்டுவர வேண்டியிருந்தது. பெயரும் வயதும் எழுதப்பட்டன. ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டிலும் அதைப் போன்றே ஓர் ஏற்பாடு இருந்தது. 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை நின்ற பிறகு ஆள் சேர்ப்பு கங்காணியின் கைக்கு வந்தது. உரிமச்சீட்டோடு ஊருக்கு வரும் கங்காணி, தான் சேர்த்த ஆள்களைக் கிராம முன்சீப் முன்னால் நிறுத்திக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு ஆவடி முகாம் அல்லது நாகப்பட்டினம் முகாம், அங்கிருந்து கப்பல், பினாங்கில் இறங்கினால் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவல். கப்பல் செலவை 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணம் அது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள்தான் பெருமளவு ஆள் அனுப்பின. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது நடந்தது. ஆக, இந்த வழியில் புறப்பட்ட பெண்ணின் ஊர், அவள் புறப்பட்ட நாளில் ஓர் அதிகாரியின் கண்முன் இருந்தது. அவளுடைய ஊர் பதிவுக்கே வரவில்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பதிவு ஒரு கரையிலும், அதைத் தேட வேண்டிய பேத்தி மறுகரையிலும் இருப்பதுதான் தொல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. தந்தை பெயர் இருந்து என்ன பயன்? ராமாயி, கருப்பனின் மகள் என்று ஒரு தாள் சொன்னால், திருச்சி மாவட்டத்தில் மட்டும் எத்தனை கருப்பன், எத்தனை ராமாயி? ஆங்கிலேயருக்கு டிரைடன், மார்பரி என்று குடும்பப் பெயர் உண்டு. நமக்கு ஒரு தலைமுறைப் பெயர் அடுத்த தலைமுறையில் கரைந்து போகிறது. உண்மைதான், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி அடைபடும். ஆனால் பியூரிட்டன் ஆராய்ச்சியாளர்களும் மேரி, ஆன், எலிசபெத் என்ற நான்கைந்து பெயர்களுக்குள் திணறியவர்கள்தாம். அவர்கள் கண்ட வழி, ஒருத்தியைத் தனியாகத் தேடாமல் அவளோடு வந்த கூட்டத்தைத் தேடுவது. ஆன் ஹட்சின்சன் அட்லாண்டிக்கைக் கடந்ததே, லிங்கன்ஷயரின் பாஸ்டனில் போதித்த ஜான் காட்டன் என்ற குருவைப் பின்தொடர்ந்துதான். காட்டன் 1633இல் போனார், ஹட்சின்சன் குடும்பம் மறு ஆண்டு போனது. ஒரு குருவைச் சுற்றி அண்டை ஊர்க்காரர்கள் போனார்கள் என்பதால் ஒருவர் ஊர் தெரிந்தால் பத்துப் பேர் ஊரை ஊகித்துச் சரிபார்க்க முடிந்தது. தோட்டத்தில் அந்தக் குருவின் இடத்தில் கங்காணி இருக்கிறார். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தன் உறவினரிடையேயும்தான் ஆள் சேர்த்தார். தோட்ட நிர்வாகங்கள் கங்காணியை விரும்பியதற்கும் அதுவே காரணம். எனவே பாட்டி எந்தக் கங்காணி கூட்டத்தில் வந்தாள், அந்த லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்பது, அவள் பெயரை நூறு ஏட்டில் தேடுவதைவிட விரைவில் பலன் தரும்.

இதற்குள்ளேயே இன்னொரு மறுப்பு ஒளிந்திருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கூட்டத்தின் ஊர் கணவனின் ஊராக இருக்கலாம், அவளுடையதாக இருக்க வேண்டியதில்லை. மலாயா இந்தியர்களிடையே பெண்கள் மிகக் குறைவு. 1931 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இந்த நிலையில் முகாமிலோ கப்பலிலோ தோட்டத்திலோ துணை சேர்ந்தவர்கள் உண்டு, முதல் கணவனை இழந்து அல்லது விட்டு இன்னொருவரோடு குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்த திருமணங்களுக்கு அரசுப் பதிவு கிடையாது. முஸ்லிமல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1982இல். ஆகவே திருமணத்தை ஆதாரமாக வைத்து எழுதும் வம்சாவளி இங்கே அடிக்கடி பொய்க்கும். இந்தக் காரணத்தாலேயே நம்முடைய தேடல் திருமணத்தில் தொடங்காமல் மகப்பேற்றில் தொடங்க வேண்டும் என்கிறேன். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் திருமணப் பதிவை எதிர்பார்த்து நிற்பதில்லை. இரண்டு கணவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் பத்திரங்களிலும் அவளைப் பெற்றவன் பெயர் ஒன்றாகவே இருக்கும். தாய்வழியைப் பிடித்துப் போனால் அறுபடாத இழை, தந்தைவழியைப் பிடித்தால் அறுந்துவிடுகிறது. வம்சாவளியை ஆண்வழியில் எழுதுவது மரபு என்று சொல்லிவிட்டு, சான்று கூடுதலாக இருக்கும் வழியை மூடிக்கொள்வது வரலாற்றுக்குச் செய்யும் குறை.

பதிவேடு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு மலாக்காவே நல்ல பாடம். சுல்தானகக் காலத்திலேயே தமிழ் வணிகர்கள் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தாம் காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். வீட்டு மொழி மலாய், வழிபாடு சைவம். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் தவிநாயகர் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. கொடையாளரின் பெயர் இருநூறு ஆண்டுக்கு மேலாக வாழ்கிறது. பிள்ளை, நாயக்கர், படையாட்சி, முதலியார் என்று தந்தைவழிப் பட்டங்களும் வாழ்கின்றன. அந்தச் சமூகத்தைப் பெற்று வளர்த்த முதல் தாய்மார்களில் ஒருத்தியின் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை. அதே நகரில் 1753இல் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயம் அன்று டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையுடையதாக இருந்தது. பியூரிட்டன்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்லத்தக்க கால்வினிய சமயம் அது. டச்சுக்காரர்கள் தங்கள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதினார்கள். தமிழர்களிடம் இப்படி ஒரு பழக்கமே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மலாயா முழுக்க வட்டித் தொழில் செய்த நகரத்தாரிடம் ஒன்பது கோயில் பிரிவு உண்டு, திருமணத்துக்குக் கோயில் மாலை வரவேண்டும், இசைகுடிமானம் என்ற திருமண ஏடு எழுத வேண்டும். சொத்து பிரியும் இடத்தில், வரி வாங்கும் இடத்தில் ஏடு தானாக வந்துவிடுகிறது. நிலமற்ற கூலிப் பெண்ணுக்கு ஊரில் அந்த ஏடு இல்லை. கடல் கடந்து கூலிக்குப் புறப்பட்டபோதுதான் அவள் முதல்முறையாக எழுத்தில் ஏறினாள்.

எழுத்தில் ஏறியது பெருமைக்காகத் தேடும் விஷயமாக மட்டும் இங்கே இருக்கவில்லை. 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம், பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்து இங்கேயே நிலைத்து வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குத் தானாகவே குடியுரிமை கொடுத்தது; அதே ஆண்டு அவசரகாலம் தொடங்கி அடையாள அட்டை வந்தது. மலாக்காவில் பிறந்ததற்கான தாள் இருந்தவர் ஒரு பக்கம், இல்லாதவர் மறு பக்கம். தாயின் தாள் இல்லாமல் பிள்ளைக்குத் தாள் எடுக்க முடியாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு அலைந்த குடும்பங்கள் தோட்டப்புறங்களில் இருந்தன, இன்னும் இருக்கின்றன. நியூ இங்கிலாந்தில் வம்சாவளி கௌரவச் சங்கங்களின் நுழைவுச் சீட்டாக வளர்ந்தது. ஆன் ஹட்சின்சனின் வழித்தோன்றல்களில் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் இருக்கிறார் என்று சொல்லி மகிழலாம். தோட்டத்துப் பாட்டியின் தாளோ பேரனின் குடியுரிமையைத் தீர்மானித்தது. இப்படிப்பட்ட தாள்கள் இருந்த இடங்கள் நிலையாக இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனதில் குடும்பங்கள் சிதறின. 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள், மலாக்காவும் தப்பவில்லை. தோட்ட ஆபீசு மூடியபோது செக்ரோலுக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

அதனால் வாய்மொழிக்கு வருகிறோம். வாய்மொழியை நம்பலாமா என்று ஏடு பழகியவர்கள் கேட்பார்கள். ஆண்டையும் எண்ணையும் பொறுத்தவரை நம்பக் கூடாது. உறவுமுறையையும் ஊரையும் பொறுத்தவரை பெருமளவு நம்பலாம், ஏனென்றால் அவை சடங்கோடு கட்டப்பட்டவை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘உங்கள் குலதெய்வம் எது, எந்த ஊர்?’ என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மணமான பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிடுவதால் அந்தக் கேள்வி நம்மைத் தாத்தாவின் ஊருக்கே கொண்டுபோய்விடும். பாட்டியின் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் தாய்மாமனைக் கேட்க வேண்டும். காது குத்தும்போது யார் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள், பெண் சமைந்தபோது மாமன் சீர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் பங்காளி ஆகையால் எடுக்கக் கூடாது என்று கேட்டால், பாட்டியின் அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் தந்தை பெயர் ஒன்று. அண்ணன் ஊருக்குப் பணம் அனுப்பியிருக்கலாம், கடிதம் எழுதியிருக்கலாம், அந்த உறையில் ஊரும் அஞ்சல் நிலையமும் இருக்கலாம். தாய்மாமனுக்குச் சடங்கில் இடம் வைத்த சமூகம், மனைவியின் வீட்டை மறக்காமலிருக்க ஒரு வழியை வைத்திருக்கிறது. ஆங்கிலேயக் குடும்பத்தில் அதற்கு ஈடான ஒருவர் இல்லை.

கடைசி மறுப்பு எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது. ஊரைத் தேடிப்போனால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். கப்பலேறியவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட மக்கள்; கடல் கடந்ததில் அவர்களுக்குக் கிடைத்த சிறு விடுதலைகளில் ஒன்று, பழைய தெருவின் பெயரைச் சொல்லாமல் வாழ முடிந்தது. அதைப் பேரப் பிள்ளைகள் தோண்டி எடுப்பது நியாயமா? சொல்லாமல் விட்ட ஒரு பாட்டியின் மௌனத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அவள் ஊரைப் பொதுவில் அச்சடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் சாதிப் பெருமை நிற்பதே தந்தைவழிப் பட்டியலில்தான். தாய்மார்களை அவரவர் பிறந்த வீட்டோடு சேர்த்து எழுதினால், முகாமிலும் கப்பலிலும் லயத்திலும் நடந்த கலப்பு வெளியே வரும், மலாக்காச் செட்டிகளின் கதையில் மலாய்த் தீவுகளின் பெண்கள் வருவதைப் போல. தூய்மை பேசுகிறவர்களுக்கு அந்த ஏடு உதவாது. தேடக் கூடாது என்று ஒரு பேத்தியிடம் சொல்வதற்கு இந்தக் காரணம் போதாது.

எவ்வளவு தூரம் போக முடியும்? உண்மையாகக் கணக்கிட்டால், பெரும்பாலும் கடலுக்கு அப்பால் ஒரு தலைமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதற்கு மேல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பட்டா வைத்திருந்தவனுக்குத்தான் தாள் உண்டு. நிலமற்றவளின் தகப்பனுக்கு அதில் வரி இல்லை. ஆன் ஹட்சின்சனின் வழி மேலே ஏறுவதும் அவர் தாய் கேனன்ஸ் ஆஷ்பியில் நிலம் வைத்திருந்த டிரைடன் குடும்பத்துப் பெண் என்பதால்தான். கவிஞர் ஜான் டிரைடன் அந்த வழியில் வந்தவர். அதே காலத்தில் கப்பலேறிய வேலைக்காரப் பெண்கள் பலருக்கு ஞானஸ்நானப் பதிவுக்கு மேலே எதுவும் கிடையாது. 1938க்கு முன் கைக்குழந்தையாக வந்து இறங்கியவர்களுக்கு இன்று வயது 90ஐ நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது. பாயா ரும்புட்டிலும் செங்கிலும் உள்ள வீடுகளில் அவர்களிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: அம்மாவைப் பெற்றவர் பெயர், எந்தக் கங்காணியோடு வந்தார்கள், மாமன் எந்தத் தோட்டம், அம்மாவின் ஊருக்கு எந்த ரயிலடியில் இறங்க வேண்டும்.